சீன முத்திரைக்கல்: பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

சீன ஓவியங்களின் ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு சிவப்புச் சதுரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பதிக்கும் கல்லுக்கு யின்ஜாங் என்று பெயர். விரல் நீளம், சதுரமான அடிப்பக்கம், அந்த அடியில் இடவலம் மாற்றி வெட்டிய சில எழுத்துகள். அவ்வளவுதான் பொருள். சீனத்து நினைவுப்பொருள் கடைகளில் விசிறி, பட்டுத்துணி, தேநீர்க் கிண்ணம் எல்லாவற்றோடும் இதுவும் அடுக்கப்பட்டிருக்கும். விசிறியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெயர் வெட்டிய முத்திரை ஒரே ஒருவருக்குத்தான் பயன்படும். இதை வாங்கும்போது கல்லின் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். என்ன எழுத்து, யார் வெட்டியது, எப்படி வெட்டியது என்பவைதான் இந்தப் பரிசின் மதிப்பு. கல் அதற்கு அடுத்தபடிதான்.

முத்திரையைப் பரிசளிப்பது பழைய வழக்கம். ஹான் பேரரசர்கள் எல்லைக்கு அப்பாலுள்ள சிற்றரசர்களை அங்கீகரித்ததற்கு அடையாளமாகப் பொன் முத்திரை அனுப்புவார்கள். கி.பி. 57இல் ஜப்பானின் நா நாட்டு அரசனுக்குப் போன அத்தகைய முத்திரை 1784இல் ஷிகா தீவில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. இப்போது ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 2.3 செ.மீ., எடை சுமார் 108 கிராம், கைப்பிடி சுருண்ட பாம்பு வடிவம். அந்த 2.3 செ.மீ. ஹான் காலத்து ஓர் அங்குலம். இன்றும் முத்திரைக்கல் பெரும்பாலும் 2 முதல் 2.5 செ.மீ. அளவில்தான் விற்கிறது.

2009இல் யுனெஸ்கோ சீன முத்திரை செதுக்கும் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் சின்னத்தை நினைவிருக்கிறதா? சிவப்புப் பரப்பில் வெள்ளையாக ஓர் ஆள் ஓடுவதுபோல் இருக்கும். அது முத்திரைப் பதிவாகவே வரையப்பட்டது.

வெள்ளை எழுத்து, சிவப்பு எழுத்து

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பாய்வென் வேண்டுமா, ஜூவென் வேண்டுமா?

பாய்வென் என்றால் எழுத்தைக் குழிவாக வெட்டுவது. பதித்தால் சிவப்புச் சதுரத்துக்குள் எழுத்து வெள்ளையாகத் தெரியும். ஜூவென் என்றால் எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுப்பது. பதித்தால் வெள்ளைத் தாளில் எழுத்து சிவப்பாக நிற்கும்.

பழைய முத்திரைகளில் பெரும்பாலானவை குழிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காகிதம் வருவதற்கு முன் மூங்கில் பட்டிகளில் எழுதிக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி அதில் முத்திரையை அழுத்துவார்கள். குழிவான எழுத்து மண்ணில் மேடாக எழும்பித் தெளிவாகத் தெரியும். பிற்காலத்தில் காகிதமும் சிவப்பு மையும் பரவிய பிறகு மேடான எழுத்துக்கு மவுசு வந்தது.

வழக்கமாகப் பெயர் முத்திரை பாய்வென், புனைபெயர் முத்திரை ஜூவென். ஓவியர்கள் இரண்டையும் மேலும் கீழுமாகப் பதிப்பார்கள். பரிசுக்கு ஒன்று போதும். கோடுகள் குறைந்த எழுத்துகள் என்றால் பாய்வென் கனமாக, நிறைவாக இருக்கும். கோடுகள் நெருக்கமான எழுத்துகளுக்கு ஜூவென் மூச்சுவிட இடம் கொடுக்கும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பதிப்பதற்கென்றால் ஜூவென்னே நல்லது. மை குறைவாகப் படுவதால் எதிர்ப்பக்கத்தில் கறை ஒட்டுவதும் குறையும்.

எழுத்தை முடிவு செய்வது

இந்த இடத்தில்தான் தவறுகள் அதிகம். அவசரப்படாதீர்கள்.

முத்திரையில் வெட்டுவது இன்றைய அச்செழுத்து அல்ல. ஜுவான்ஷூ எனப்படும் பழைய வடிவம். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசு ஒழுங்குபடுத்திய எழுத்து அது. ஆனால் சீனத்தில் இன்று புழங்குவது 1956இலிருந்து எளிமைப்படுத்தப்பட்ட எழுத்து. எளிமைப்படுத்தியபோது பல இடங்களில் இரண்டு பழைய எழுத்துகளை ஒன்றாக்கிவிட்டார்கள். எடுத்துக்காட்டாக, செழித்தல் என்ற பொருளுள்ள 'ஃபா'வும் தலைமுடி என்ற பொருளுள்ள 'ஃபா'வும் இன்று ஒரே வடிவம். 'பின்னால்' என்பதும் 'அரசி' என்பதும் அப்படியே. கணினியில் எளிய எழுத்தைத் தட்டி, எழுத்துருவை மட்டும் ஜுவான்ஷூவுக்கு மாற்றினால், செழிக்க வாழ்த்த வேண்டிய இடத்தில் தலைமுடி வந்து உட்காரும். அதனால் பெயரை எப்போதும் பழைய முழு வடிவத்தில் எழுதிக் கொடுங்கள். வெட்டுபவரிடம், அந்த எழுத்துகளை முத்திரை அகராதியில் பார்த்துச் சரிபார்த்தாரா என்று கேளுங்கள். நல்ல கைவினைஞர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்தது படிக்கும் வரிசை. வலப்பக்க நிரலிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழ், பிறகு இடப்பக்க நிரல். சீனப் பெயர் பெரும்பாலும் மூன்றெழுத்து: குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் இரண்டு. நான்கு கட்டம் நிரம்ப, முத்திரை என்று பொருள்படும் 'யின்' என்ற எழுத்தைக் கடைசியில் சேர்ப்பார்கள். வூ சாங்ஷுவோ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் வூ, சாங். இடப்பக்கம் ஷுவோ, யின் என்று வைத்தால் சொந்தப் பெயர் இரண்டாகப் பிளந்துபோகிறது. அதனால் வலப்பக்கம் வூ, அதன்கீழ் யின். இடப்பக்கம் சாங், அதன்கீழ் ஷுவோ என்று வைப்பதும் உண்டு. அப்போது வலப்பக்க மேல்மூலையில் தொடங்கி இடப்பக்கம் நகர்ந்து, கீழே இறங்கி, மீண்டும் வலப்பக்கம் வந்து வட்டமாகப் படிக்க வேண்டும். இதை ஹுய்வென் என்பார்கள். வெட்டியது தப்பு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

பரிசு பெறுபவருக்குச் சீனப் பெயர் இல்லையென்றால்? ஒலிபெயர்ப்பு ஒரு வழி. ஒவ்வொரு அசைக்கும் ஒரு சீன எழுத்து தேவைப்படும். 'தமிழ்' என்பதையே சீனத்தில் தாய், மி, அர் என்று மூன்று எழுத்தாக எழுதுகிறார்கள். நீளமான தமிழ்ப் பெயரை முழுதாக மாற்றினால் ஆறேழு எழுத்து ஆகி 2 செ.மீ. கல்லில் நெரியும். பெயரின் முதல் இரண்டு மூன்று அசைகளை மட்டும் எடுத்து, நல்ல பொருளுள்ள எழுத்துகளாகத் தேர்ந்து தரும்படி சீனம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி ஒலியை மட்டும்தான் பார்க்கும்; எந்த எழுத்து பெயருக்கு ஒத்துவராது என்பது அதற்குத் தெரியாது.

பெயரே இல்லாத முத்திரைகளும் உண்டு. நல்வாக்கோ பிடித்த தொடரோ வெட்டியது சியென்ஜாங். புத்தகச் சேகரிப்பாளருக்கு நூலக முத்திரை. எழுத்தே இல்லாமல், சீன வழக்கில் பிறந்த ஆண்டுக்குரிய விலங்கு போன்ற உருவத்தை மட்டும் வெட்டுவது உருவ முத்திரை; அந்த வகை ஹான் காலத்திலேயே இருந்தது. சீனம் தெரியாதவருக்கு உருவ முத்திரை மிகப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. அவரால் அதை நாள்தோறும் பயன்படுத்த முடியும். தமிழ் எழுத்தையும் இந்தக் கல்லில் வெட்டலாம். வளைவுகள் அதிகம் என்பதால் கத்தியைச் சுழற்றாமல் கல்லைச் சுழற்றி வெட்ட வேண்டும். ஓரெழுத்து, ஈரெழுத்துக்குமேல் போனால் அழகு குறையும்.

கல்

ஆதியில் முத்திரைகள் வெண்கலத்திலும் பொன்னிலும் வார்க்கப்பட்டன, ஜேடு எனப்படும் பச்சைக்கல்லில் கடையப்பட்டன. வெட்டுவது தொழிலாளி வேலை. மிங் காலத்தில் நான்ஜிங்கில் இருந்த வென் பெங் (1498–1573) போன்ற படித்தவர்கள் மென்கல்லைக் கையிலெடுத்த பிறகுதான் எழுதுபவரே வெட்டுபவராகவும் ஆனார். இது கலையாக மாறியது அப்போதுதான்.

புகழ்பெற்ற கல் நான்கு. ஜெஜியாங் மாநிலத்தின் சிங்தியென், ஃபுஜோ அருகிலுள்ள ஷோஷான், ஹாங்ஜோ பகுதியின் சாங்ஹுவா, உள் மங்கோலியாவின் பாலின். நான்கும் நம்மூர் மாக்கல் போல மென்மையானவை. கத்தியால் சீவ முடியும். முதன்முதலாக வெட்டிப் பார்ப்பவருக்குச் சிங்தியெனைத்தான் சொல்வோம். ஒரே சீரான கல், மொறுமொறுவென்று உடையும், கத்தி போன இடம் துல்லியமாகத் தெரியும். பாலின் வழவழப்பாக இறங்கும். அலங்காரத்துக்கு ஷோஷான், அதில் வயல் மண்ணுக்கடியில் கிடைக்கும் தியென்ஹுவாங் என்ற மஞ்சள் கல் தங்கத்தைவிட விலை கூடியது என்று பெயரெடுத்தது. சாங்ஹுவாவின் கோழிரத்தக் கல்லில் சிவப்பாகத் தெறித்திருப்பது சாதிலிங்கம் என்ற கனிமம். வெயில்படும் அலமாரியில் வைத்தால் அந்தச் சிவப்பு கறுத்துவிடும். இந்த இரண்டுக்கும் போலிகள் ஏராளம். பரிசுக்காக முதல்முறை வாங்குபவர் இவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நான்கெழுத்துப் பெயருக்கு 2.5 செ.மீ. சதுரம், இரண்டெழுத்துக்கு 2 செ.மீ., புத்தகத்துக்கு 1.2 முதல் 1.5 செ.மீ. உயரம் 5 செ.மீ. இருந்தால் கைக்கு அடங்கும். கடையில் கல்மேல் மெழுகு பூசியிருப்பார்கள். அதன்கீழ் பிளவு மறைந்திருக்கும். ஓரத்தை நன்றாகத் துடைத்துத் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிளவு இருந்தால் கருங்கோடாகத் தெரியும். வெட்டும் முகத்துக்கு அருகில் அப்படி ஒரு கோடு இருந்தால் அந்தக் கல் வேண்டாம்.

கைவெட்டா, இயந்திரமா?

பத்து நிமிடத்தில் பெயர் வெட்டித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில் பல, கணினியில் வடிவத்தை ஏற்றி இயந்திரத்தில் வெட்டுகின்றன. பதிவைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கல்லின் வெட்டிய முகத்தைச் சாய்த்துப் பாருங்கள். சுழலும் முனையால் வெட்டியதில் பள்ளத்தின் அடி ஒரே மட்டமாகவும் உள்மூலைகள் உருண்டையாகவும் இருக்கும். லேசரில் வெட்டியதில் அடியில் மெல்லிய வரிகள் இணையாக ஓடும். கைவெட்டில் உள்மூலைகள் கூராக இருக்கும், அடியில் கத்தி பெயர்த்த சில்லுகளின் தடம் கரடுமுரடாகத் தெரியும்.

ஓரம் கொஞ்சம் சிதைந்திருந்தால் அது குறையென்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றே கத்தியின் பின்புறத்தால் தட்டி எல்லைக்கோட்டை உடைப்பது ஒரு முறை. ஹாங்ஜோவில் 1904இல் தொடங்கிய சீலிங் முத்திரைச் சங்கத்தின் முதல் தலைவரான வூ சாங்ஷுவோவின் (1844–1927) முத்திரைகளில் முழு எல்லைக்கோட்டைக் காண்பது அரிது. ஓவியரும் முத்திரைக் கலைஞருமான சி பாய்ஷி (1864–1957) ஒரு கோட்டுக்கு ஒரே வெட்டு என்று வெட்டுவார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பொரிந்தும் இருக்கும். நல்ல முத்திரையில் பார்க்க வேண்டியது இடப்பகிர்வு. வெற்றிடத்தில் குதிரை ஓடலாம், நெருக்கத்தில் காற்றும் நுழையக்கூடாது என்பது சிங் காலத்து முத்திரைக் கலைஞர் டெங் ஷிரூவின் பாடமாகச் சொல்லப்படுகிறது. எல்லா எழுத்தும் ஒரே அளவுக் கட்டத்தில், ஒரே இடைவெளியில் அடைபட்டிருந்தால் அது எழுத்துருவின் வேலை.

நீங்களே வெட்டுவதானால்

ஓரெழுத்து அல்லது ஈரெழுத்து பாய்வென் என்றால் ஒரு வார இறுதியில் தொடங்கலாம். முதல் இரண்டு மூன்று கல் பழகுவதற்கே போகும் என்பதால் மலிவான சிங்தியென் நான்கைந்தாக வாங்குங்கள். அகலம் 6 முதல் 8 மி.மீ. உள்ள, இருபுறமும் சரிவு தீட்டிய தட்டையான கத்தி ஒன்று போதும்.

முதலில் கல்லின் முகத்தை மட்டமாக்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் 400ஆம் எண் உப்புத்தாளை விரித்து, கல்லை அடிப்பக்கத்தில் பிடித்து வட்டமாகத் தேயுங்கள். பிறகு 1000ஆம் எண். உயரமாகப் பிடித்தால் கல் ஆடி, முகம் நடுவில் புடைத்துவிடும். அப்படிப் புடைத்த முத்திரை எத்தனை முறை பதித்தாலும் மூலைகள் விழாது. கண்ணாடிமேல் நிறுத்தி மூலையைத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும்.

பிறகு எழுத்தை ஏற்றுவது. மெல்லிய தாளில் அதே அளவுக்கு அடர்ந்த மையால் நேராக எழுதி, எழுதிய பக்கம் கல்லைத் தொடும்படி கவிழ்த்து, தாளை லேசாக நனைத்து, மேலே உலர்தாள் வைத்து நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகவே இடவலம் மாறி இறங்கிவிடும். தண்ணீர் அதிகமானால் மை பரவும். ஒற்றியெடுத்த பருத்தியின் ஈரம் போதும். வெட்டத் தொடங்கும் முன் கல்லின் முகத்தைக் கண்ணாடியில் காட்டுங்கள். பிம்பம் நேராகப் படிக்க முடிந்தால் தொடங்கலாம். இந்த ஒரு நொடியைத் தவிர்ப்பதால்தான் புதியவர்களின் கற்கள் பலவும் வீணாகின்றன.

வெட்டும் முறை இரண்டு. கத்தியைச் சாய்த்து ஒரே போக்காகத் தள்ளுவது சுங்தாவ். கத்தியின் ஒரு மூலையை ஊன்றி, மறுமூலையைக் கீழே அழுத்தி, கொஞ்சம் நகர்த்தி மீண்டும் அழுத்திச் சிறுசிறு அடியாகப் போவது சியெதாவ். தொடங்குபவருக்குச் சியெதாவ் பாதுகாப்பு. கத்தி வழுக்கி ஓடாது. எந்த முறையானாலும் மோதிர விரல் கல்லின் பக்கத்தை ஒட்டியே இருக்க வேண்டும், தடுப்புக்கட்டை அதுதான். கல்லைப் பிடித்த கை கத்தி போகும் திசைக்கு முன்னால் இருக்கக் கூடாது. மரப்பிடி ஒன்றில் ஆப்பு வைத்து இறுக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. கோட்டின் நடுவில் முதலில் வெட்டி, பிறகு இருபுறமும் அகலப்படுத்துங்கள். பாய்வென்னுக்கு 1 மி.மீ. ஆழம் போதும். ஜூவென்னில் பெரிய வெற்றிடங்களை இன்னும் ஆழமாக எடுக்காவிட்டால் மை அடிவரை போய்த் தாளில் புள்ளிபுள்ளியாக அழுக்கு விழும்.

தூளை வாயால் ஊதாதீர்கள். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணிமேல் வைத்துப் பழைய பல்தேய்ப்பானால் தட்டியெடுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

முடித்ததும் கல்லின் இடப்பக்கச் சுவரில் ஆண்டு, பெறுபவர் பெயர், வெட்டியவர் பெயர் ஆகியவற்றைப் பொறிப்பார்கள். இதற்குப் பியென்குவான் என்று பெயர். பதிக்கும்போது இந்தப் பக்கம் இடக்கைப் பக்கம் இருந்தால் எழுத்து நேராக விழும் என்பதால் அடையாளமாகவும் உதவும். காசு கொடுத்து வெட்டச் சொன்னாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

சிவப்பு மைக்களிம்பு

நல்ல முத்திரையை அலுவலக ரப்பர் முத்திரைக்கான மைப்பெட்டியில் ஒற்றினால் நீர்த்த இளஞ்சிவப்பு ஒன்று கசிந்து விழும். இதற்கென்று இருப்பது யின்நி. சாதிலிங்கத் தூள், விளக்கெண்ணெய், மாசிப்பத்திரி இனச் செடியின் பஞ்சு மூன்றும் சேர்ந்த களிம்பு. எண்ணெய் நிறத்தைச் சுமக்கும், பஞ்சு அதைப் பிடித்துவைத்துக் கல்முகத்துக்கு அளவாகக் கொடுக்கும். ஃபுஜியானின் ஜாங்ஜோ, ஹாங்ஜோ, ஷாங்ஹாய் ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. மலிவுச் சாயத்தில் செய்தது வெளிச்சத்தில் மங்கும். அதிலிருந்து எண்ணெய் பிரிந்து பதிவைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டும். கல்லில் கொஞ்சம் சேமித்து மையில் செலவிடுவது புத்திசாலித்தனம்.

சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. சூடுபடுத்தக் கூடாது, குழந்தை கைக்கு எட்டக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும். பீங்கான் கிண்ணத்திலேயே வைத்திருங்கள். உலோகம் நிறத்தைக் கெடுக்கும். வெயில் காலத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது மூங்கில் குச்சியால் அடியிலிருந்து ஒரே திசையில் கிளறி, நடுவில் உருண்டையாகக் குவித்துவையுங்கள்.

பதிக்கும்போது கல்லைக் களிம்பில் அழுத்தாதீர்கள். அழுத்தினால் பஞ்சு இழை பள்ளத்துக்குள் ஏறி எழுத்தை அடைக்கும். சுற்றிலும் சாய்த்துப் பத்துப் பதினைந்து முறை மெல்லத் தட்ட வேண்டும். சின்ன முத்திரைக்குத் தாளின்கீழ் நாலைந்து தாள் மெத்தை போதும். மெத்தை தடித்தால் எழுத்து வீங்கும். நேராக வைத்து, நகர்த்தாமல், நான்கு மூலைக்கும் பலத்தை மாற்றி அழுத்தி, ஒரு விளிம்பிலிருந்து தூக்குங்கள். பளபளப்புத் தாள் எண்ணெயை உறிஞ்சாது, அதில் பதித்தது நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வேலை முடிந்ததும் கல்முகத்தை மென்தாளால் துடைத்துவிட வேண்டும். காய்ந்து இறுகிய களிம்பைக் கத்தியால் சுரண்டாமல், ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு ஊறவைத்து, தேய்ப்பானால் எடுங்கள்.

கொடுக்கும்போது

குழந்தை பிறப்பு, திருமணம், புதுவீடு, பணி ஓய்வு எதற்கும் ஏற்றது இது. மணமக்களுக்கு ஒரே கல்லிலிருந்து அறுத்த இரட்டையைக் கொடுப்பது நல்ல வழக்கம். ஒன்று பாய்வென், ஒன்று ஜூவென். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதுவது சீனர்களிடையே ஆகாது. முத்திரைக்கு அந்தத் தடை இல்லை. வாழ்த்து அட்டையில் மட்டும் பெயரைக் கறுப்பில் எழுதுங்கள். இரு கைகளாலும் கொடுங்கள்.

பெட்டிக்குள் கல்லோடு 10 முதல் 30 கிராம் யின்நியும், நீங்களே பதித்த ஒரு தெளிவான பதிவும், அந்த எழுத்துகளை எப்படிப் படிப்பது, எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் இருக்கட்டும். கல்முகம் துடைத்துச் சுத்தமாக, பெட்டியின் துணிப்பக்கம் படும்படி இருக்க வேண்டும். முனையில் ஒரு மோதல் போதும், சில்லு பெயர்ந்துவிடும். களிம்புக் கிண்ணத்தின் மூடிக்கும் வாய்க்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து, சுற்றிலும் ஒட்டுநாடா சுற்றி, கல்லிருக்கும் பெட்டிக்கு வெளியே தனிப்பையில் நிமிர்த்தி எடுத்துப் போங்கள். பயணத்தில் கவிழ்ந்தால் எண்ணெய் கசிந்து பட்டுத்துணி முழுவதும் ஊறிவிடும்.